களத்தக்கா செத்த பதினோராம் பக்கம்

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் ஒருத்தன் தலையணை சைஸில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தை மேஜை மேல் பொத்தென்று போட்டான். பக்கத்து டீம் பையன். வெளிநாட்டு சூப்பர்ஹீரோ என்றால் உயிரை விடுவான்.

"ஏமாத்திப்போட்டாங்க. இருக்கிற அத்தனை ஹீரோவையும் ஒரே கதைக்குள்ள இழுத்துட்டு வந்து ஒருத்தனுக்கும் உருப்படியா வேலை குடுக்கல. நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரியோணும்னா இன்னும் பதினாறு புக்கு படிக்கோணுமாமா!"

நான் வழக்கம்போல சவுண்டு விட்டேன். "எழுதுனவனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே புரட்டினால், ஒரு பக்கத்தின் மூலையில், யாருக்கும் பெயர் ஞாபகம் இருக்காத ஒரு சின்ன ஹீரோ செத்துக்கொண்டிருந்தான். ஒரே கட்டம். அரை வரி வசனம். அடுத்த கட்டத்திலிருந்து பெரிய ஹீரோ அவனுக்காக அழ ஆரம்பிக்கிறான், அழகாக, முக்கால் பக்கத்துக்கு.

அதற்கு மேல் புரட்டவில்லை. அப்படி ஒரு கட்டத்தை நானும் போட்டிருக்கிறேன்.

அந்தப் புத்தகம் வழவழவென்று இருந்தது, புதுப் பசை வாசனை அடித்தது. காலேஜில் நாங்கள் கையால் வரைந்து போட்ட புத்தகத்துக்கு வேறு வாசனை. ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த தாளை எடுத்து முகர்ந்திருக்கிறீர்களா? சுடச்சுட, லேசாகக் கருகிய மாதிரி. கிணத்துக்கடவு தாண்டி இருந்த எங்கள் காலேஜுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு ஜெராக்ஸ் கடை. ரெக்கார்டு நோட்டு காப்பி எடுக்க வரும் பையன்கள் பின்னால் நின்று முனக, நாங்கள் எங்கள் சூப்பர்ஹீரோயின்களை நாற்பது காப்பி அடித்துக்கொண்டிருப்போம். சாயந்திரம் ஒவ்வொரு ரூம் கதவுக்கு அடியிலும் ஒன்றைத் தள்ளிவிடுவோம். லேடீஸ் ஹாஸ்டலில் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில் மட்டும்தான், அதனால் எங்களுக்கு வாசகர்கள் இருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் ஹீரோயின் 'கரண்ட் காயத்ரி'. தொட்டால் ஷாக். நான் டிரிபிள்-ஈ படித்தேன், கற்பனை அவ்வளவுதான் ஓடியது. ரூம்மேட் ஜெசிந்தா மேட்டுப்பாளையத்துக்காரி. அவள் ஹீரோயின் ரோடுகளைக் கொண்டை ஊசி வளைவாக வளைத்து வில்லன் வண்டியை வந்த வழிக்கே திருப்பி அனுப்புவாள். அப்புறம் கோகிலா. காங்கேயத்துப் பெண், நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவளுடைய ஹீரோயின் 'களத்தக்கா'. தேங்காய்ப் பருப்பு காய வைக்கும் களத்தில் வேலை செய்கிறவள். மழை வருவது பத்து நிமிஷம் முன்னாடியே அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் பவர்.

"இதுக்கு எதுக்குடி ஹீரோயின்? ஃபோன்லயே மழை வருமான்னு பாத்துக்கலாமே" என்று நான் ஓட்டினேன். கோகிலா சிரித்துவிட்டு வரைந்துகொண்டிருந்தாள். ஆனால் ஹாஸ்டலுக்கே களத்தக்காவைத்தான் பிடித்தது. காரணம் அவள் பேச்சு. வில்லனிடம்கூட மரியாதை குறையாது. "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்களை அடிக்கோணுமுங்க." மெஸ்ஸில் தட்டோடு நிற்கிறவர்கள்கூட இந்த வசனத்தைச் சொல்லித்தான் முன்னால் இருப்பவளைத் தள்ளுவார்கள். கரண்ட் காயத்ரி வசனத்தை ஒருத்தியும் சொன்னதில்லை. அது எனக்கு எரிந்தது. அப்போது கேட்டிருந்தால் சத்தியமாக இல்லை என்றிருப்பேன்.

மூன்றாம் வருஷம், சீரியல்காரர்கள் மகாசங்கமம் போடுகிற மாதிரி எல்லா ஹீரோயின்களையும் ஒரே கதையில் இறக்கலாம் என்று நான்தான் கிளப்பினேன். பெயர் 'மகா மோதல்'. எட்டு பாகம். மாடி வாரியாகப் படம் போடும் பெண்கள் எல்லாரையும் சேர்த்து மொத்தம் ஏழு ஹீரோயின்கள். அவரவர் ஹீரோயினை அவரவர் வரைய வேண்டும், கதை மட்டும் நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்குத்தான் சத்தம் அதிகம். மூன்றாம் பாகத்துக்குள் கதை நூல்கண்டு சிக்கின மாதிரி ஆகிவிட்டது. ஜெசிந்தாவின் பழைய புக்கைப் படிக்காதவளுக்கு என் இரண்டாம் பாகம் புரியாது. "செமஸ்டருக்கே இவ்வளவு படிக்கலடி நானு" என்று எதிர் ரூம்காரி புக்கைத் திருப்பித் தந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கோகிலாவுக்கு மஞ்சள் காமாலை. ஊருக்குப் போய்விட்டாள். கதையைத் தூக்கி நிறுத்த ஒரு பெரிய சாவு வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். யார் சாவது என்று ரொம்ப யோசித்த மாதிரி நடித்தேன், என்னிடமே.

"அவ வந்து போட்டுக்கட்டும்டி, அவ ஹீரோயினு" என்றாள் ஜெசிந்தா.

"வந்தா விடமாட்டாடி" என்றேன். இதைச் சொன்ன பிறகும் செய்தேன், பாருங்கள்.

ஐந்தாம் பாகம், பதினோராம் பக்கம். திடீர் மழை, வெள்ளம், களத்தக்கா போய்விடுகிறாள். "ஓடு! தப்பிச்சுப் போ!" என்பது கடைசி வசனம். நானே வரைந்தேன். கை முருங்கைக்காய் மாதிரி வந்தது. மீதிப் பக்கம் முழுக்கக் கரண்ட் காயத்ரியின் கண்ணீர்.

காப்பி அடித்த சூட்டோடு, உடம்பு சரியில்லாதவளைப் பார்க்கிற சாக்கில், நானும் ஜெசிந்தாவும் காங்கேயம் பஸ் ஏறினோம். கோகிலாவின் வீடு ஒரு தேங்காய்க் களத்தை ஒட்டியே இருந்தது. அவள் அம்மா அங்கேதான் வேலை பார்த்தார். எங்கள் புத்தகம் மாசாமாசம் அங்கே போகும், மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த கோகிலாவைப் பார்ப்பதற்குள் புத்தகத்தைக் களத்து வேலைக்கார அக்கா ஒருத்தர் வாங்கிவிட்டார்.

நிழலில் மதியச் சோற்றுத் தூக்குப்போசிகளோடு எட்டுப் பேர். அந்த அக்கா எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். பதினோராம் பக்கம் வந்தது. வாசித்தவர் நிறுத்திவிட்டு, அடுத்த தாள் ஒட்டிக்கொண்டதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார்.

"செத்துப் போனாங்களா?" என்றார் ஒருத்தர்.

கோகிலாவின் அம்மா என்னைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, மழை வாரது அவளுக்குத் தெரியலீங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழை முன்னாடியே தெரிகிறவளை மழையிலேயே கொன்றிருக்கிறேன். நாற்பது காப்பி.

"அது... ட்விஸ்ட்டுங்க" என்றேன்.

"அப்படீங்களா." கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க. சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும், கண்ணு" என்றவர் பாதியில் எழுந்து நிழலை விட்டு வெளியே போனார். மூக்கைத் தூக்கி மேற்கே பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "ஏ, தார்ப்பாயை இழுங்க!" என்று கத்தினார். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எட்டுப் பேரும் ஓடினார்கள். ஜெசிந்தாவும் ஓடினாள். கடைசித் தார்ப்பாயின் மேல் கல்லை வைக்கும்போது முதல் துளி விழுந்தது.

நான் வீட்டுக்குள் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். கோகிலா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எத்தனாவது பக்கம்?"

"பதினொண்ணு."

"எத்தனை கட்டம்?"

"ஒண்ணுதான்டி."

"செரி" என்றாள்.

ஹாஸ்டலில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "களத்தக்கா 'ங்க' போடாம சாவாளாடி?" என்று பாத்ரூம் வரிசையில் வைத்துக் கேட்டாள் ஒருத்தி. கோகிலா திரும்பி வந்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன்: "ஆறாம் பாகத்துல கனவுன்னு சொல்லிரலாம்டி. நீயே வரஞ்சுக்கோ, எத்தனை பக்கம் வேணும்னாலும்."

"இல்லைங்க, வேண்டாமுங்க" என்றாள் கோகிலா. மூன்று வருஷமாக என்னை டி போட்டுப் பேசியவள். பிறகு கடைசி வரைக்கும் என்னிடம் அப்படியே பேசினாள், ஒரு சண்டைகூடப் போடாமல். நானும் ஒழுங்காக ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு ட்ரீட் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. ஆறாம் பாகமும் வரவில்லை.

கேன்டீனிலிருந்து வந்ததும் பழைய ஹாஸ்டல் குரூப்பில் கேட்டேன், யாரிடமாவது ஐந்தாம் பாகம் இருக்கிறதா என்று. எதிர் ரூம்காரி உடனே பதில் போட்டாள்: "அதை அன்னிக்கே கிழிச்சுப்போட்டேன்டி." இன்னும் நாலு பேர் அதேதான். என்னிடமும் இல்லை. ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள், ஹாஸ்டலை இடித்துப் புதுசாகக் கட்டிவிட்டார்கள். கோகிலா அந்தக் குரூப்பில் இருக்கிறாள். ஈரோட்டில் பேங்க் வேலை. என் கேள்வியைப் பார்த்திருக்கிறாள், நீல டிக் விழுந்தது.

ஜெசிந்தா மட்டும் நாலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கோகிலா வரைந்தது. களத்தக்கா தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி யாரையோ உதவிக்குக் கூப்பிடுகிறாள். முழங்கை மடிப்புகூட அவ்வளவு சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகு கோகிலா போட்ட கோடு ஒன்றுகூட எங்கேயும் இல்லை.