கூடுதலாக ஒரு பிள்ளை

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கெட ஆரம்பித்தது சரியாகக் காலை ஆறு நாற்பதுக்கு. டிவியின் அடியில் எழுத்து ஓடியது — கனமழை காரணமாக மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மட்டும் இன்று விடுமுறை.

‘மட்டும்’ என்பதைப் படித்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் லீவு. பேங்க் உண்டு. தாலுகா ஆபீஸ் உண்டு. ஜவுளிக்கடை உண்டு. அப்படியென்றால் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எங்கே போவார்கள்? வேறு எங்கே... என் வீட்டுக்குத்தான்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, என் வீட்டின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அதற்கு முன்னால் மருந்து கம்பெனி ரெப்பாகப் பை தூக்கி அலைந்தவன். இது என் மனைவி வசந்தி தொடங்கியது. அவளுக்குச் சிதம்பரத்தில் ஆபீஸ் வேலை கிடைத்த சமயம், என் கம்பெனி எனக்கு வேலை இல்லை என்றது. அவள் பஸ் ஏறினாள். நான் பால் பாட்டில் கழுவ உட்கார்ந்தேன். பிள்ளைகள் என்னை மாமா என்கிறார்கள். பெற்றோர் சார் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சொந்தத் தொழில் என்றால் தலைக்கு மேல் முதலாளி இல்லை என்பார்கள். யார் சொன்னது? எனக்கு மூன்று முதலாளிகள். ஒருவர் வானிலை. இன்னொருவர் தினசரிக் காலண்டர். மூன்றாமவர்தான் கொடூரம் — வாடிக்கையாளரின் மாமியார். ஊரிலிருந்து அந்த அம்மாள் வந்து இறங்கினால் போதும், ஒரு மாதத்துக்கு அந்தப் பிள்ளை என்னிடம் வராது. சண்டை போட்டுக்கொண்டு திடீரென்று கிளம்பிப் போனால், மறுநாள் காலை ஏழு மணிக்கே பிள்ளை வாசலில் நிற்கும். எந்த மாமியார் எப்போது கோபித்துக்கொள்வார் என்று யாரால் கணக்குப் போட முடியும்?

நான் போடுவேன். போட்டே ஆக வேண்டும். எத்தனை பேருக்கு அரிசி களைவது, உதவிக்கு ஒரு ஆளா இரண்டு ஆளா என்று முதல் நாள் ராத்திரியே முடிவு செய்தாக வேண்டுமே. முகூர்த்த நாள் என்றால் பிள்ளைகளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அதுவும் எங்கள் பக்கத்து முகூர்த்தம் சாதாரணமானதா? திருவந்திபுரம் கோயில் மலையில் ஒரு ஜோடி எழுந்து அடுத்த ஜோடி உட்காருவதற்குள் மணை சூடு ஆறாது. அந்த வெள்ளிக்கிழமை பெரிய முகூர்த்தம். முந்தைய நாள் சாயங்காலமே ஒவ்வொருவராக, “சார், நாளைக்கு லீவு” என்று மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். மூன்று பிள்ளைகள்தான் வரும் என்று கணக்குப் போட்டேன். இரண்டாவது ஆளுக்கு லீவு கொடுத்தேன். மூன்று பேருக்கு அரிசி எடுத்து வைத்துவிட்டு, வருமானம் போன கவலையோடு படுத்தேன்.

விடிந்ததும் அந்த ‘மட்டும்’.

ஏழரைக்குத் தொடங்கியது. வழக்கமான பிள்ளை, அதன் அண்ணன், அண்ணனின் டியூஷன் நண்பன். “சார், இன்னிக்கி ஒரு நாள்...” என்று குடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். மழை கொட்டுகிறது. முகம் தெரியாது. என்னிடம் வேலை செய்யும் செல்வி கடலோரத் தேவனாம்பட்டினத்துக்காரி, மழைக்கெல்லாம் அசையமாட்டாள். கேட்டருகே நின்று, வண்டிகளிலிருந்து பிள்ளைகளை மூட்டை இறக்குவது போல வாங்கி வாங்கி உள்ளே அனுப்பினாள்.

எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. உள்ளே வந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக் காலரிலும் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டுவோம். போகும்போது கழற்றிவிடுவோம். டப்பாவிலிருந்து எத்தனை கிளிப் போயிருக்கிறதோ, அத்தனை பிள்ளை உள்ளே. வசந்தி கண்டுபிடித்த முறை. ஒரு நாளும் தப்பியதில்லை.

பத்து மணிக்கு எல்லோரையும் ரயில் மாதிரி உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தேன். கிளிப் பதினான்கு. தலை பதினைந்து.

மறுபடி எண்ணினேன். செல்வி எண்ணினாள். ஓடாதே, உட்கார் என்று அதட்டிவிட்டு மறுபடி எண்ணினேன். பதினைந்து.

ஜன்னலோரம், நான்கு வயது இருக்கும், பனியனும் டிரவுசருமாக ஒரு பையன். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தான். நான் அவனை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

“செல்வி... இது யாரு?”

“எனக்கு என்னாண்ணே தெரியும்? உங்க கஸ்டமருன்னு நெனச்சேன்.”

“நீதானே கேட்டுல வாங்குன?”

“ஒரு காருலேர்ந்து குடுத்தாரு. ‘இவன உள்ள வுட்டுடுங்கக்கா’ன்னாரு. வுட்டேன். மழையில நான் எந்த மூஞ்சிய பாத்தேன்? குடைய பாத்தேன், பிள்ளைய வாங்குனேன்.”

“கிளிப்பு?”

“மேல ரெயின்கோட்டு இருந்துச்சி. அத கழட்டுறப்ப ஒரு பொண்ணு வாந்தி எடுத்துடுச்சி. உங்க பெரிய கணக்குல ஒரு கிளிப்பு போனா என்னாண்ணே?”

இந்தத் தொழிலில் நான் பயந்ததெல்லாம் எண்ணிக்கை குறைவதைப் பற்றித்தான். ஒரு பிள்ளை குறைந்தால் என்ன செய்வது என்று நடுங்கி நடுங்கித்தானே கிளிப்பெல்லாம் வாங்கினோம். ஒன்று கூடினால் என்ன செய்வது? யாரும் சொல்லித் தரவில்லையே!

பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“உன் பேரு என்ன கண்ணு?”

“தங்கம்.”

“அது வீட்டுல கூப்பிடுறது. ஸ்கூல்ல?”

“தங்கம்.”

“அப்பா பேரு?”

“அப்பா.”

“வீடு எங்க இருக்கு?”

“சிதம்பரத்துல.” அதை மட்டும் தெளிவாகச் சொன்னான். சிதம்பரத்திலிருந்து ஒரு பிள்ளையை யாராவது கடலூரில் கொண்டுவந்து விட்டுப் போவார்களா?

பெற்றோர் குரூப்பில் எழுதினேன்: ‘இன்று யாராவது கூடுதலாக ஒரு பிள்ளையை விட்டீர்களா?’ மூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் குட் மார்னிங் சொன்னார். பேங்க் மேடம் மட்டும் உடனே போன் செய்தார். “கூடுதலா இருக்கட்டும் சார், மொதல்ல எங்க பாப்பா இருக்காளா?”

வசந்தியைப் போனில் கூப்பிட்டேன். “பையன் போட்டோவ எடுத்து குரூப்ல போட்டுடட்டுமா?”

“ஏங்க, புத்தி கெட்டுப்போச்சா? அது பத்து குரூப்புக்குப் போவும். சாயங்காலம் நம்ம வூட்டு வாசல்ல கூட்டம் நிக்கும், பிள்ளை புடிக்கிறவன்னு. கம்முனு போலீசுக்குச் சொல்லுங்க.”

பிள்ளை பிடிக்கிறவன். நான் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த வார்த்தையை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். ஐம்பது வயது ஆண், வீடு நிறையப் பிள்ளைகள், அதில் ஒன்று யாருடையது என்று தெரியாது... யார் நம்புவார்கள்? அன்றோடு தொழில் முடிந்தது.

அதைவிட ஒன்று உள்ளே குடைந்தது. என் மகள் இன்று சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் நான்கு வயதில், தேவனாம்பட்டினம் கடற்கரையில் பலூன்காரர் பின்னாலேயே நடந்து காணாமல் போனாள். சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் வசந்தி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த மழையில், எங்கோ ஒரு தெருவில், ஒரு தாய் அப்படித்தானே கத்திக்கொண்டிருப்பாள்? அவளுடைய பிள்ளை என் வீட்டில் பிஸ்கட் தின்கிறான். அவளுக்கு எப்படிச் சொல்வது?

செல்வி குனிந்து பையனின் தலையை முகர்ந்தாள். “அண்ணே, பன்னீர் வாசனை. கல்யாண வூட்டுப் பிள்ளை.”

“இன்னிக்கு ஊர்ல எந்தப் பிள்ளை மேலதான் பன்னீர் வாசனை இல்ல?”

“பின்தெரு மண்டபத்துல கேட்டுட்டு வரேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். போனவள் வரவில்லை. பதினைந்து பிள்ளைகளோடு நான் தனியாக. மூன்று பேருக்கு எடுத்து வைத்த அரிசியில் கைக்குக் கை அள்ளிப் போட்டு, ரவையும் கலந்து, பெயர் வைக்க முடியாத ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தாள். கையில் தாம்பூலப் பை.

“என்ன சொன்னாங்க?”

“வாசல்ல பொண்ணு வீட்டுக்காரரு ஒருத்தரு நின்னாரு. பிள்ளை எதாச்சும் காணோமாங்கன்னேன். ‘எங்க பிள்ளைங்க எல்லாம் இதோ ஓடுது. மாப்பிள்ளை வூட்டுப் பிள்ளைங்க அவுங்க தங்கியிருக்குற வூட்டுல பத்திரமா இருக்குது. நீ மொதல்ல சாப்புடும்மா’ன்னாரு.”

“சாப்பிட்டியா?”

“கேட்டுட்டு சும்மா வந்தா தப்பா நெனப்பாங்கண்ணே. சாம்பாருல முருங்கைக்கா ஜாஸ்தி.”

வேறு வழியில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

“சார், ஒரு பிள்ளை விஷயமா...”

“எப்பலேர்ந்து காணோம்?”

“காணோம் இல்ல சார். இருக்கு.”

“இருந்தா எதுக்கு போன் பண்றீங்க?”

“ஒண்ணு அதிகமா இருக்கு சார்.”

எதிர்முனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “எத்தன பிள்ளை வச்சிருக்கீங்க?” என்று குரல் மாறி வந்தது.

“பதினஞ்சு சார்... பதினாலுதான் என்னுது. அதாவது என்னுது இல்ல, எனக்கு ஒரே பொண்ணு...”

பேசப் பேச நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

“அந்தப் பிள்ளைகிட்ட போனக் குடுங்க.”

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“தம்பி, யாரு கூடப்பா வந்த?”

“மாமா கூட.”

“மாமா எங்க இருக்காரு?”

சுற்றிலும் பதினான்கு வாய்கள் காலையிலிருந்து என்னை மாமா, மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறான் அல்லவா? விரலை நீட்டி என்னைக் காட்டி, போனில் தெரியும் என்ற நம்பிக்கையோடு, “இதோ” என்றான்.

“சார்,” என்றது போன், மிக மரியாதையாக. “நீங்க வீட்டுலயே இருங்க. எங்கயும் போவாதீங்க. ரோட்டுல தண்ணி நிக்குது, ஆனா ஆள் வருவாங்க.”

அடுத்த முக்கால் மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ஊட்டினேன், கழுவினேன், படுக்கப் போட்டேன். கை தானாக வேலை செய்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டைப் பட்டனைச் சரி செய்துகொண்டேன். அரெஸ்ட் செய்தால் இவர்களை யார் தூங்க வைப்பார்கள் என்று ஒரு கவலை. சாயங்காலம் வரும் பெற்றோரிடம் செல்வி என்ன சொல்லுவாள் என்று அதைவிடப் பெரிய கவலை. அந்தப் பையனோ என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். இவனுக்காகவாவது அழுகிற முகம் ஒன்று சீக்கிரம் வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

கேட் திறந்தது. போலீஸ் இல்லை. அரக்குப் பட்டுப் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், தலை கொள்ளாத மல்லிகை, கையில் குட்டிப் பட்டு வேட்டி. அழுகிற முகம் இல்லை. கோபமான முகம்.

“நீங்க பொண்ணு வீட்டு ஆளுங்கதானே? மாப்பிள்ளை வூட்டாரு தங்குற வூட்டுல ஒரு காபிப் பாத்திரத்தக் கூடக் காணோம். நாங்க சிதம்பரத்துலேர்ந்து விடிகாலையில கெளம்புனவங்க. இதான் மரியாதையா?”

நான் எழுந்திருக்க முடியாமல் மடியைக் காட்டினேன். “அம்மா... இவன் உங்க பையனா?”

“பின்ன? தம்பி கார்லேர்ந்து இங்கதான எறக்கி வுட்டான்? ‘நாம தங்குற வூட்டு வாசல்ல நெறைய செருப்பு கெடக்குதுக்கா, பிள்ளைங்க ஆடுது, ஒரு பெரியவரு பாத்துக்குறாரு’ன்னான். நான் நாத்தனாரு. தாலியில முடிச்சி போட்டு, பந்திய கவனிச்சிட்டு இப்பதான் வரேன்.”

மாப்பிள்ளை வீட்டார் தங்கும் வீடு எங்கள் வரிசையிலேயே கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கான காபி அங்கே ஆறிக்கொண்டிருந்திருக்கும். இது கல்யாண வீடு இல்லை, நான் உங்களுக்குச் சம்பந்தி வகையும் இல்லை, கூலிக்குப் பிள்ளை பார்க்கிறவன் என்று மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. யாரோ தெரியாத வீட்டில் இவ்வளவு நேரம்... அப்படியே தரையில் உட்கார்ந்து பிள்ளையை வாரி அணைத்தாள். அவன் கண் விழித்து, “அம்மா, பிஸ்கட்” என்றான். என் கண்ணும் என் பேச்சைக் கேட்கவில்லை. செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்டேஷனுக்கு மறுபடி போன் போட்டு, அந்தப் பெண்ணையே பேச வைத்தேன். எதிர்முனையில் சிரித்தார்கள் என்றே நினைக்கிறேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாயில் வரிசையாகத் தூங்கும் பிள்ளைகளை அந்தப் பெண் ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே... சாயங்காலம் ரிசப்ஷன் முடியிற வரைக்கும் இவன் இங்கயே இருக்கட்டும். மண்டபத்துல எங்க அண்ணன் பிள்ளைங்க இன்னும் ரெண்டு கெடக்குதுங்க. அதுங்களையும் அனுப்பி வைக்கிறேன்.”