என் பெயரில் எங்கேயோ ஒருத்தன்

ஆந்திர எல்லையில் எங்கள் நகரிப் பக்கத்தில் திருமலைப் பெருமாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் டீக்கடையில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன். பவர்லூம் வைத்துப் பிழைக்கிறவன், போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தறியாதவன். ஆனால் உலகத்தில் எங்கேயோ இதே பெயரில் ஒருத்தன் ஏதோ செய்து வைத்திருக்கிறான். என்ன செய்தான் என்பது விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது சொல்லாது.

அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்க முதல் தடவை கிளம்பியபோதுதான் இந்த உறவு தெரிய வந்தது. மனைவிக்கு போர்டிங் பாஸ் போனிலேயே வந்துவிட்டது. என்னை மட்டும் கவுன்ட்டருக்கு வரச் சொன்னார்கள், அங்கிருந்து ஓர் அறைக்கு. ஏதோ பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பெயரோடு என் பெயர் ஒத்துப்போகிறதாம். விமானம் புறப்படப் போகிற நேரத்தில் விட்டார்கள். அதற்குள் வெளியே காத்திருந்த மனைவி, என்னை விட்டுவிட்டால் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு விட்டாள். வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது.

ஊர் திரும்பியதும், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அந்தப் பட்டியல்காரர்களுக்கு மனு அனுப்பினேன். பட்டியலில் நான் இருக்கிறேன் என்றும் சொல்வதற்கில்லை, இல்லை என்றும் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. பெருமாளைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசிக் கேட்டதில்லை.

போன வருஷம் மகளுக்குத் தலைப்பிரசவம். "அம்மா வந்தா மட்டும் போதாது நைனா, நீ பக்கத்துல இருந்தாதான் எனக்கு தைரியம்" என்றாள். சின்ன வயதில் ஊசி போடுவதற்குக்கூட என் கையைப் பிடித்துக்கொள்கிற பெண். டிக்கெட் எடுத்தோம்.

"வேண்டுதல பாக்கி வெச்சிக்கினு மறுபடி ஏரோப்பிளேன் ஏறக் கூடாதுங்க" என்றாள் மனைவி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிளம்புகிறதுக்கு முன்னால் மலைக்குப் போனோம். முடியோடு மீசையும் போயிற்று. பாஸ்போர்ட் போட்டோவில் இருந்தவனுக்கு இரண்டுமே அடர்த்தி.

ஏர்போர்ட்டில் அதே மாதிரி அறை, வேறு அதிகாரி. போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"எதுக்கு மொட்டை?"

"வேண்டுதல் சார்."

"என்ன வேண்டுதல்?"

உங்களிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? முழித்தேன். முழிக்கிறவனை யார் நம்புவார்கள்? தோற்றத்தை எப்போது மாற்றினீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. திருமலையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் தோற்றத்தை மாற்றுகிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்டது. மனைவி கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். இங்கிலீஷ் தெரியாது, தனியாகப் பக்கத்து ஊர் புத்தூரைத் தாண்டிப் போனதில்லை.

"நீ போ. புள்ளைக்கு வலி வர்ற நேரத்துல ரெண்டு பேரும் இங்க குந்திக்கினு இன்னா செய்யறது?" என்றேன்.

போனாள். கேட்ட இடத்திலெல்லாம் பாஸ்போர்ட்டை நீட்டி, ஒரு தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். அவள் பெயரை உலகத்தில் யாரும் தேடவில்லை. என்னைச் சாயங்காலம் விட்டார்கள். "ரொட்டீன்தான், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அதிகாரி. அடுத்த டிக்கெட் உடனே கிடைக்கவில்லை. நகரிக்குத் திரும்பி, தறிச் சத்தத்துக்கு நடுவில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கையை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

பையன் பிறந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மகள் வீடியோவில் காட்டினாள். சிவப்பாக, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். எனக்கு வைத்ததும் அப்படித்தான்.

"பர்த் சர்டிபிகேட்டுக்கு பேர் கேக்கறாங்க நைனா. உன் பேரையே குடுத்துடட்டா?"

"வேணாம்மா."

"ஏன் நைனா?"

"அவனாவது ஏரோப்பிளேன்ல நிம்மதியா போவட்டும். ஊர்ல யாருக்கும் இல்லாத பேரா பாத்து வை."

அவள் போனைப் பேரன் பக்கம் திருப்பினாள்; அவன் அழாமல் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.