ஏழாம் பாத்தியில் பூச்சி இல்லை

புகையிலை ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு வைத்த பேர் கணக்கு அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பூச்சியியல் அதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார். இலையைத் திருப்பி, அடியில் ஒட்டிக்கிடக்கும் அசுவினிகளை எண்ணுவதுதான் அவள் வேலை. கடுகுகூடப் பெரிசு, அந்தப் பூச்சி அவ்வளவு பொடிசு. இலைப் பிசின் அப்பிய கை எத்தனை சோப்புப் போட்டாலும் கசக்கும். "நீ ஊட்டாதேம்மா" என்று மகள் வாயை இறுக்க மூடிக்கொள்வாள்.

பத்து வருடமாகத் தினக்கூலிதான். "இந்தச் சோதனை ஒழுங்கா முடியட்டும்க்கா, நிரந்தர வேலைக்கு உங்களைச் சிபாரிசு பண்றேன்" என்று அதிகாரி இந்த முறைதான் வாயைத் திறந்திருந்தார்.

வேரில் ஊற்றும் புது மருந்து அது. வேர் குடித்து இலை வரைக்கும் ஏற்றிவிடும். சாற்றை உறிஞ்சும் அசுவினி செத்துவிழும். மூன்று அளவுகளில் மருந்து ஊற்றிய பாத்திகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே காட்டாத பாத்திகள் நாலு. அந்த நாலில் ஒன்று ஏழாம் பாத்தி.

மூன்றாம் வாரம் அதில் இலையைத் திருப்பியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பூச்சி இல்லை. அடுத்த செடியிலும் இல்லை. மற்ற மூன்று பாத்திகளில் இலைக்கு இருநூறு என்று மொய்த்துக்கிடக்க, இங்கே துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

யார் வேலை என்று தேட வேண்டியதே இல்லை. மருந்து ஊற்றிய அன்று அளவுச் சாடியைக் கழுவிய தண்ணீரைக் கழிவுக்குழியில்தான் கொட்ட வேண்டும். குழி பண்ணையின் மறுகோடியில். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து வாய்க்காலில் அவளேதான் சாய்த்துவிட்டாள், மகராசி. அது நேரே ஏழாம் பாத்திக்குப் போகிற வாய்க்கால்.

போன வருடம் பாத்தி மாற்றி மருந்து ஊற்றியவனை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இருநூறுன்னு எழுதிட்டு வா" என்றான் தையல்காரக் கணவன், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "அசுவினி வந்து சாட்சியா சொல்லப்போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அழுகையும் வந்தது. "எண்ணாததை நான் எழுதினதே இல்லைங்க."

பாத்திக்குப் பத்துச் செடி எண்ணினால் போதும் என்பது கணக்கு. அவள் இரண்டு நாள் குந்தி உட்கார்ந்து பாத்தியிலிருந்த அறுபது செடியையும் எண்ணினாள். தப்பைச் சொல்லத்தான் போகிறோம், எத்தனை செடியைக் கெடுத்தோம் என்றாவது சரியாகச் சொல்வோமே என்ற வைராக்கியம். தண்ணீர் நுழையும் பக்கம் இருபது செடி சுத்தம். பிறகு இலைக்கு ஐந்து பூச்சி, பத்துப் பூச்சி என்று ஏறி, கடைசிப் பதினைந்தில் பூச்சி அப்பிக்கிடந்தது.

எண்ணிக்கையோடு சாடி கழுவிய கதையையும் அவள் எழுதிக்கொடுத்த தாளை அதிகாரி படித்தார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை.

"மூணு மாச உழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேக்கா."

சிவப்புப் பேனாவால் ஏழாம் பாத்தியை அடித்தார். அவள் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். போகச் சொல்வார் என்று பார்த்தால், அவர் விரல் அந்தத் தாளிலேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"சாடியில எவ்வளவு மருந்து ஒட்டியிருக்கும்?"

"நேத்து பச்சைத்தண்ணி ஊத்தி அளந்து பார்த்தேன் சார். ரெண்டு ஸ்பூன். அன்னிக்கு அதுல ஒரு பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவினேன்."

அவர் பெருக்கினார், வகுத்தார், மறுபடி வகுத்தார். "நாம ஊத்தினதுலயே குறைஞ்ச அளவுல கால்வாசிகூட வரலை. அதுக்கே இருபது செடி சுத்தமா இருக்கு!" உடனே குரலை இறக்கிக்கொண்டார். "ஒரு பாத்தியை வெச்சு எதுவும் சொல்லிட முடியாது. அடுத்த பருவம் இந்த அளவையும் முறையா சேர்த்துப் பார்க்கணும்."

மருந்து குறைந்தால் மண்ணுக்கு நல்லது, தேனீக்கு நல்லது, நாளெல்லாம் அதில் கைவைக்கிற தனக்கும் நல்லது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவள் கேட்டது வேறு.

"அடுத்த பருவத்துக்கு நான் இருப்பேனா சார்?"

"அறுபதையும் எண்ணச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து சிபாரிசுப் படிவத்தை எடுத்தார். 'சிறப்புத் தகுதி' என்ற கட்டத்தில் எழுதி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்: 'தன் தவறையும் செடி செடியாக எண்ணிக்கொண்டு வருபவர்.' அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்து முடிப்பதற்குள் படிவத்தைப் பிடுங்கி, கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'சாடியைக் குழியில் கழுவப் பழக வேண்டும்.'