அக்காவுக்குச் செய்துகொடுத்த துப்பாக்கிக் கண்ணாடி

இன்று காலை கடலூரில் அக்காவின் ஓராண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு நின்று மன்றாடிய உறவினர்களுக்கும், அக்காவோடு பணிபுரிந்த காவல்துறை நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத வேண்டியது நீதான் மச்சான் என்று மாமா சொல்லிவிட்டார். அக்காவின் கணவரான அவர் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னைவிட நன்றாக எழுதுவார். மூன்று முறை உட்கார்ந்தும் முதல் வரிக்கு மேல் போக முடியவில்லை என்றார்.

அக்கா மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தார். அப்பா கரும்பு ஆலையில் வேலை பார்த்தார். அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா நெஞ்சுவலியில் இறந்துபோனார். வீட்டில் அம்மா, அக்கா, ஆறாம் வகுப்பில் நான். கல்லூரியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத அக்கா காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். பெண்பிள்ளைக்குக் காக்கி எதற்கு என்று சொந்தத்தில் சிலர் அம்மாவிடம் கேட்டார்கள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

பயிற்சி முடிந்து முதல் விடுப்பில் வந்தபோது, சுவரிலிருந்த காலண்டரை நான் மூக்கு உரசுகிற அளவுக்குப் போய்ப் படிப்பதை அக்காதான் கவனித்தார். மறுநாளே பேருந்தில் சிதம்பரம் அழைத்துப்போய்க் கண் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். பின்னாளில் நான் கண் பரிசோதனை படித்து அதே சிதம்பரத்தில் கண்ணாடிக் கடை வைத்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

காவல் பணியில் அக்கா எத்தனையோ இடங்களில் நின்றிருக்கிறார். தேரோட்டம், தேர்தல், புயல், சாலை விபத்து. அதையெல்லாம் வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசினால் துப்பாக்கி சுடும் பயிற்சியைப் பற்றித்தான் பேசுவார். இருபத்தாறு வயதில் துறையின் பிஸ்டல் அணிக்குத் தேர்வானார். அதிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் போட்டிக்குப் போனார். பதக்கங்களை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருப்பார். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள் சீருடையோடு என் கடைக்கு வந்தார். அன்று காலைப் பயிற்சியில் பத்துக் குண்டில் ஆறு கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயிருந்தன. அடுத்த ஆண்டு வேறொருவருக்கு வாய்ப்புக் கொடுக்கலாமா மேடம் என்று பொறுப்பு அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்.

"முன்குறி தெரியலடா. மசமசன்னு இருக்குது" என்றார் அக்கா.

கடையில் கூட்டமாக இருந்தது. நான் தலையை நிமிர்த்தாமல், "அம்பத்திரண்டு ஆச்சு. இன்னும் என்னாக்கா சுட்டுக்கிட்டு? போதும், விடு" என்றேன்.

அக்கா, "சரி" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு மாதம் அக்காவிடமிருந்து போன் வரவில்லை. பிறகு மாமாதான் கூப்பிட்டார்.

"மச்சான், உங்க அக்காகிட்ட என்னா சொன்ன நீ?"

"ஒண்ணும் சொல்லல மாமா. வயசாயிடுச்சுன்னுதான்…"

"ஸ்டேஷன்ல ஒரு ஊரே அவளக் கூப்புடும். வீட்டுக்கு வந்தா நாங்க கூப்புடுவோம். துப்பாக்கியத் தூக்கி நிக்கிற நேரத்துல மட்டுந்தான் யாரும் கூப்புட மாட்டாங்க. அதப் போயி போதும்னு சொல்லிட்டியே."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடலூருக்குப் போனேன். அக்கா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வந்த?"

"கண்ணு டெஸ்ட் பண்ண."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் எனக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொன்னார்.

சாப்பிட்டபின் அக்கா எனக்கு விளக்கினார். துப்பாக்கியின் நுனியில் ஒரு சிறு கட்டை நிற்கும், அது முன்குறி. கைப்பிடிக்கு மேலே நடுவில் வெட்டு விட்ட தகடு இருக்கும், அது பின்குறி. அந்த வெட்டுக்குள் முன்குறியை நிறுத்தி, அதற்கு அப்பால் இலக்கை வைக்க வேண்டும். பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று தூரம். இளம் கண் மூன்றுக்கும் நொடியில் மாறி மாறித் தாவும். வயதான கண்ணுக்கு அந்தத் தாவல் இல்லை. ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும்.

முதலில் என் படிப்பைக் காட்டினேன். தூரம், நடுத்தரம், கிட்டம் மூன்றும் ஒரே லென்ஸில் இருக்கிற விலை உயர்ந்த கண்ணாடியைச் செய்துகொடுத்தேன். ஒரே வாரத்தில் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதப் போட்டா கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலையத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்குது. தலை அசைஞ்சா கை அசையும்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எப்படி நிற்பார் என்பதை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. "நின்னு காட்டுக்கா" என்றேன். துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுவர முடியாது. மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, அதன் நுனியில் ஒரு தீக்குச்சித் துண்டை ஒட்டிக் கொடுத்தேன். கண்ணாடி வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, சீருடையில் இருந்த அக்கா நடுக்கடையில் கால்களை அகற்றி நின்று ஸ்டேப்ளரை எதிர்ச் சுவருக்கு நீட்டினார். கண்ணிலிருந்து தீக்குச்சி வரை தையல்காரர் டேப்பால் அளந்தேன். எழுபத்திரண்டு சென்டிமீட்டர். படிக்கிற கண்ணாடிக்கு நாங்கள் கணக்கு வைக்கிற தூரத்தைவிட அது மிக ஜாஸ்தி.

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மாட்டிக் கால் கால் பவராக மாற்றினேன். ஒரு லென்ஸில் அக்கா அசையாமல் நின்றார்.

"இதுதான். குச்சியோட விளிம்பு தெரியுது."

"செவுத்துல காலண்டர்?"

"மங்கலா இருக்குது. இருக்கட்டும். இலக்கு மங்கலா இருந்தா பரவாயில்ல. குறிதான் தெளிவா இருக்கணும்."

குறி பார்க்கும் வலக்கண்ணுக்கு அந்த பவரும் இடக்கண்ணுக்குத் தூரப்பார்வையும் வைத்து ஒரு கண்ணாடி செய்தேன். வலது லென்ஸில் கறுப்புத் தாள் ஒட்டி நடுவே ஊசித்துளை போட்டும் பார்த்தோம். இலக்குகூடத் தெளிந்தது, ஆனால் மாலை வெளிச்சத்தில் எல்லாம் இருட்டிக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டோம்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. முன்குறியும் கறுப்பு, இலக்கின் வட்டமும் கறுப்பு. சர்க்கார் துப்பாக்கியில் அரத்தை வைத்து எதையும் மாற்ற முடியாது. துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் ஐயாவிடம் அக்கா கேட்டார். அவர் மேலதிகாரியின் அனுமதி வாங்கி, "அழிச்சா போயிடுற மாதிரி ஏதாச்சும் பூசலாம் மேடம்" என்றாராம். அக்கா மகள் பிரின்சியின் நகப்பூச்சுகள் அவரிடம் போயின. முன்குறியில் அடியில் வெள்ளை, மேலே ஆரஞ்சு. "எம்பொண்ணு கல்யாணத்துக்குப் போட வச்சிருந்தத துப்பாக்கிக்குப் போட்டுட்டேன்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அனுமதி பெற்று ஒரு காலை நானும் சுடுதளத்துக்குப் போனேன். தடுப்புக்குப் பின்னால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில் அக்கா எவ்வளவு அமைதியாக இருந்தார் என்பதை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் ஒரு நாளும் நான் பார்த்திராத அக்கா அது. தாளைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். பத்தில் ஒன்பது வட்டத்துக்குள் இருந்தன. என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்த ஆண்டு போட்டியில் அக்காவுக்கு மூன்றாம் இடம். "மூணாவதுதான்டா. ஆனா கடைசி குண்டு வரைக்கும் குறி தெரிஞ்சுது" என்று போனில் சொன்னார். அதன்பின் ஐம்பது தாண்டிய காவலர்கள் பலர் அக்கா பெயரைச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். எல்லோரையும் ஸ்டேப்ளரோடு நிற்க வைத்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள்தான் அக்கா எங்களோடு இருந்தார். வயிற்றில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே தாமதம் என்றார்கள். புதுச்சேரியில் மருத்துவமனையில் இருந்த நாட்களில் தூரப்பார்வைக் கண்ணாடி போட்டால் சுவர்க் கடிகாரம் தெரிந்தது, படிக்கும் கண்ணாடி போட்டால் ஜெபப் புத்தகம் தெரிந்தது. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்த எங்கள் முகம் இரண்டிலும் தெரியவில்லை.

"அந்தத் துப்பாக்கிக் கண்ணாடிய எடுத்தாரச் சொல்லு" என்றார்.

மாமா கொண்டுவந்தார். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என்னாடா, இவ்ளோ நரைச்சிடுச்சு உனக்கு" என்றார்.

பதினோரு நாள் கழித்து, மாமாவும் பிரின்சியும் நானும் பக்கத்தில் இருக்க, அக்கா இறைவனிடம் போனார். உடன்பிறந்தவர் போன வெறுமைக்கு எந்த லென்ஸும் என்னிடம் இல்லை. கடையை மூடிவிட்டு வண்டியை எடுக்கும்போது, கடலூர்ச் சாலையில் திரும்பிவிடலாமா என்று இன்றும் ஒரு கணம் நிற்கிறேன்.

அக்காவின் நோயில் உடனிருந்து பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், இறுதி ஊர்வலத்தில் அக்காவைத் தோளில் சுமந்த காவல்துறைச் சகோதரர்களுக்கும், ஆர்மரர் ஐயாவுக்கும், துக்க நாட்களில் குறிஞ்சிப்பாடியிலிருந்து மூன்று நாளும் உணவு சமைத்து அனுப்பிய சித்தி குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்ற மழையில் என் கைபேசி நனைந்து கெட்டுப்போனது. அக்கா பேசி அனுப்பியவை எல்லாம் அதோடு போயின. மாமாவிடம் படங்கள் இருக்கின்றன, குரல் இல்லை. அக்கா பேசி அனுப்பிய ஏதாவது உங்களில் யாருடைய கைபேசியிலாவது மிஞ்சியிருந்தால் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். முக்கியமான செய்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'சாப்ட்டியா' என்று கேட்டிருந்தாலும் போதும்.