கிரேஸ் மிஸி தம்முடையது என்று சொன்ன பொட்டலம்

வியாழக்கிழமை காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரந்தாவிலிருந்து வந்த லாரி டிரைவர் சொன்னார்: "கிரேஸ் மிஸி போயிட்டாங்க லா. காய்ச்சல்தான். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க." வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மிஸி யாழ்ப்பாணத்துக் குடும்பம், திருமணம் செய்துகொள்ளாதவர். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளோடு சேரக் கூடாதென்று அரசாங்கம் எங்களை முள்கம்பிக்குள் அடைத்த புதிதில் தோட்ட ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தார். என் நான்காவது பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியது. "இன்னொண்டு வந்தால் நீ தப்பமாட்டாய், பிள்ளை," என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஆணுறைகள். சிரம்பான் மருந்துக்கடையில் அவரே கேட்டு வாங்கியவை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதெல்லாம் பட்டணத்தில் கெட்ட இடத்துக்குப் போகும் ஆண்களின் சாமான் என்றே நினைத்திருந்தோம். "நாள் முழுக்க ரப்பர் மரத்தோட நிக்கிறாய். ரப்பரைத் தொட என்ன வெக்கம்?" என்று சிரித்தார். பிறகு பத்துப் பன்னிரண்டு பெண்கள், காய்ச்சல் மருந்து கேட்கும் சாக்கில் வாங்கினோம். ஒருத்தி வாங்குவது இன்னொருத்திக்குத் தெரியாதது போலவே நடந்துகொண்டோம்.

லயத்து வரிசை வீட்டில் ஒளிக்க இடமில்லை. ஒரே அறை, மாமியார் கண். ஆகவே வெற்றிலைச் சுருக்குப்பையில் போட்டு, வேலைக்கும் இடுப்பில் சொருகிக்கொண்டு போவோம். அடுத்தவள் சுருக்குப்பையை யாரும் தொடமாட்டார்கள். அந்தப் புத்திசாலித்தனமே வினையாயிற்று. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாதென்று கம்பிவேலிக் கேட்டில் தினமும் சோதனை. ஒருநாள் எவளோ சுருக்குப்பையில் அரிசியோடு பிடிபட்டாள். மறுநாள் எல்லாப் பையையும் மேசைமேல் கொட்டச் சொன்னார்கள்.

என் பையிலிருந்து பாக்கோடு நான்கு உறைகள் விழுந்தன. காட்டில் தீக்குச்சி நனையாமலிருக்க அதில் போட்டுவைப்பார்களாம். "யாருக்குக் கொண்டு போற?" அதிகாரி கேட்டதைத் தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி, தமிழில் கத்தினார். உண்மையைச் சொன்னால் லயமே சிரிக்கும். சொல்லாவிட்டால் லாரியில் ஏற்றிச் சிறைக்குக் கொண்டுபோவார்கள். பிள்ளைகள் நாலும் அநாதை. என் கணவர் ஆண்கள் வரிசையில்தான் நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கத்தல் கேட்டு மிஸி ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அது என்ரை. இவளிட்டக் குடுத்து வச்சனான்."

"வேற எந்தப் பொம்பளைக்குக் குடுக்கிறீங்க? பேரைச் சொல்லுங்க," என்றார் கிராணி.

என்னோடு வாங்கியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஒருத்தருக்கும் இல்லை. எனக்குத்தான்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆகலையே?"

"ஆகேல்லை," என்றார் மிஸி. ஆண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

என்னை விட்டுவிட்டார்கள். அந்த வாரமே அவரை ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நடத்தை கெட்டவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அவரிடம் வாங்கியவர்களே குழாயடியில் அப்படிப் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டே குடத்தைத் தூக்கி வந்தேன். ஒருமுறை லுக்குட் கடைத்தெருவில் அவரைக் கண்டு அழுதேன். "நீ உயிரோட நிக்கிறாய். அது காணும், எனக்கு அது போதும்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நேற்றும் குழாயடியில் அதே பேச்சு. செத்தவரையும் விடவில்லை. இதைப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டப்போகிறேன். என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது; யாராவது படித்துக் காட்டுங்கள்.

மிஸி, அந்த உறைகள் என்னுடையவை. நானும் என் கணவரும் பயன்படுத்தத்தான் வைத்திருந்தோம். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.

காளியம்மா, பால்வெட்டு, மூன்றாம் லயம்.