சிரிக்கிற மூஞ்சியை அமுக்கியவர்கள்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட வருஷம், கட்டுப் பிரித்த பிறகு, கோவளத்துக்குப் பக்கத்தில் ஈசிஆரில் இருந்த ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போய்வந்தேன். வைத்தியம் நடந்தது ஒரு மூலையில். மற்ற இடமெல்லாம் ஏசி, சோபா, அருவிப் படம், "உங்கள் அனுபவமே எங்கள் மூச்சு" என்று ஒரு பலகை. மூச்சாம்! அதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தினமும் பயிற்சி முடிந்ததும் ஒரு டேப்லெட்டை நீட்டுவார்கள். அதில் வரிசையாக மூஞ்சிகள், அழுவதில் தொடங்கிப் பல்லைக் காட்டுவது வரை. வரவேற்பு எப்படி, இருக்கை எப்படி, ஊழியர் புன்னகைத்தாரா என்று கேள்விகள். கை தேறியதா என்று மட்டும் கேட்கமாட்டார்கள். நீட்டுவது யார் என்றால், சற்றுமுன் நம் கையைப் பிடித்து மடக்கி நிமிர்த்திய அதே பெண். அவள் எதிரே நிற்கும்போது எவன் அழுகிற மூஞ்சியை அமுக்குவான்? இந்த லட்சணத்தில் மானேஜர் அதற்கு 'டேட்டா' என்று பெயர் வைத்திருந்தார்.

பக்கத்துப் படுக்கையில் மீன் விற்கும் ஒரு அக்கா. தோள் இறுகிப்போய் வலது கை ஏறவில்லை. கூடையைத் தலைக்குத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. தெருத்தெருவாகத் தனியாகப் போகிறவள். ஒவ்வொரு வாசலிலும் இறக்கி ஏற்றியாக வேண்டும். வந்த புதிதில் மார்போடு நின்ற கையை, பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் காது வரை கொண்டுவந்திருந்தாள். வலியில் அக்கா அவளை வண்டை வண்டையாகத் திட்டுவாள். டேப்லெட் வந்ததும் சிரிக்கிற மூஞ்சியில் ஓங்கி ஒரு அமுக்கு.

"இவ்ளோ நேரம் திட்டிட்டு இப்ப சிரிப்பப் போடுறியேக்கா?" என்றேன்.

"வலிக்குதுன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். மொதலாளிகிட்ட வேற போட்டுக் குடுக்கணுமா இன்னா? அந்தப் புள்ளைக்கும் பொழப்பு கீது."

நான் மட்டும் என்ன, அதையேதான் அமுக்கினேன். அங்கே வந்த எல்லோரும் அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை போனால் அந்தப் பெண் இல்லை. அவளிடத்தில் ஒருவன் சூடு கொடுக்கும் மெஷினை அக்காவின் தோளில் கட்டிவிட்டு செல்போனில் மூழ்கிவிட்டான். அக்கா எழுந்து நேராக மானேஜரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் பூரிப்போடு விளக்கினார்: இங்கே எல்லோருக்கும் முழுத் திருப்தி, செங்கல்பட்டுக் கிளையில்தான் மார்க் மோசம், அதனால் அவளை அங்கே மாற்றிவிட்டார்களாம்.

"நல்லா கீதுன்னு சொன்னதுக்கா புடுங்கிகினீங்க? அப்ப காறித் துப்பியிருந்தா அவ இங்கயே இருந்திருப்பாளா?"

அந்த ஆள், "உங்க ஃபீட்பேக்குக்கு ரொம்ப நன்றிம்மா" என்றார். வெட்கங்கெட்ட ஜென்மம்.

அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. செங்கல்பட்டுக்குப் பஸ் மாறிப் போய்வந்தால் அன்றைக்கு வியாபாரம் அம்போ. என் மணிக்கட்டு தேறிவிட்டது. கம்ப்யூட்டர் தட்டுகிற கைக்கு அதுவே போதும்.

போன வாரம் எங்கள் தெருவில் அவள் குரல் கேட்டது. "யாராச்சும் வாங்களேன், கூடையக் கொஞ்சம் தூக்கி வுடுங்க." கை இன்னும் காதோடுதான் நிற்கிறது. இறங்கிப் போய்த் தூக்கிவிட்டேன். நல்ல கனம். அடுத்த வாசலில் ஆள் இருப்பார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.