தெருமுனையில் கிடந்த பெஞ்ச்

இதை எழுத எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. கோயில் கூட்டம், ரேஷன் கடை, வீட்டுச் சண்டை என்று வாராவாரம் இந்தப் பத்தியில் என்னென்னவோ உங்களிடம் பேசியிருக்கிறேன். இதை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

போன பிரதோஷத்தன்று கோயில் வரிசையில் எனக்கு முன்னால் எதிர்வீட்டுச் செல்வி நின்றிருந்தாள். ஒரு ஆள் விறுவிறுவென்று வந்து அவள் காலில் விழுந்தான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது... ஐயம்பேட்டைக்காரன். நாலு வருஷம் முன்னால் அவள் புருஷன் செத்த அன்றைக்குப் பைக்கில் வந்தவன்.

“மன்னிச்சிருங்கக்கா. என் வண்டி அண்ணனை இடிச்சதே எனக்குத் தெரியலக்கா.”

செல்வி பின்வாங்கினாள். “எழுந்துருபா. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க.”

 அவன் வண்டி இடிக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததும் தெருவில் பாவு நீட்டுவோம். புடவையின் நீள இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, அறுந்ததை முடிந்து சரிசெய்கிற வேலை. அந்த நேரம் தெருமுனையில் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டுவிடுவோம். பெஞ்ச் கிடந்தால் வண்டி உள்ளே வராது. ஊருக்கே தெரியும்.

அன்று செல்வியின் புருஷன் ஏகாம்பரம் தெருமுனைப் பக்கம் பாவைப் பிடித்திருந்தான். பக்கத்தில் நான் மட்டும். மற்றவர்கள் மறுகோடியில். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து ஒரு பைக் வந்தது. எங்களை ஒட்டி, யார் மேலும் படாமல் போய்விட்டது. பின்னாலேயே வெளியூர் போலீஸ் ஜீப். பெஞ்சை அடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

நான் சுவரோரம் பாய்ந்தேன். “விட்டுட்டு வாடா” என்று கத்தினேன். அவன் விடவில்லை. பாவைக் கீழே போட்டால் அத்தனை இழையும் சிக்காகிவிடும். தறிக்காரன் கை அப்படிப் பழகியது. பாவோடு சேர்ந்தே ஓரமாக நகரப் பார்த்தான்... அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஏட்டு எழுதிய பேப்பரை நீட்டினார். பைக் மோதி ஏகாம்பரம் இறந்ததாக இருந்தது.

“சார், ஜீப்புதானே...”

“பைக் வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“அவன் நின்னிருந்தா ஜீப் ஏன்யா உள்ள வருது? அப்ப யாரால செத்தாரு? போடுயா கையெழுத்து. இல்ல, தெனம் ஸ்டேஷனுக்கு நடக்கிறியா?”

போட்டேன். அந்தப் பேப்பரில் பெஞ்ச் இல்லவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செல்வி கேட்டாள். “நீங்கதானே கிட்ட இருந்தீங்க. பைக்கா, ஜீப்பா அண்ணே?”

“எல்லாம் அவன் எழுதினதும்மா” என்று மேலே கையைக் காட்டினேன். கூசாமல்.

ஐயம்பேட்டைக்காரன் செய்த குற்றம் என்ன தெரியுமா? ஹெல்மெட் இல்லை, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. தப்புதான். அதற்காக ஆட்கள் நிற்கிற தெருவுக்குள் அந்த வேகத்தில் வருவதா? பைக்கில் நம்பர் இருந்ததே — சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய்ப் பிடித்திருக்கலாமே. ஓடுகிறவனுக்குப் புத்தி இல்லை, சரி. துரத்துகிறவர் காலடியில் பிரேக் இருந்ததே?

இதையெல்லாம் கேட்க வாய் இருந்தவன் நான் ஒருவன்தான். அந்த வாயை மூடிக்கொண்டேன். ஐயம்பேட்டைக்காரன் ஜெயிலுக்குப் போய் வந்தான், கேஸ் இன்னும் நடக்கிறது. கடைசியில் அந்தப் பேப்பரை அவனே நம்பிவிட்டான்.

பிரதோஷம் முடிந்ததும் செல்வி வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை.

“நாலு வருஷமா எதுத்த வூட்டுலயே இருந்தீங்களே அண்ணே” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஐயம்பேட்டைக்காரனின் வக்கீலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோர்ட்டிலும் சொல்வேன். பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு என்ன தண்டனையோ, வரட்டும்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். எனக்காக எதையும் குறைக்காதீர்கள், போலீஸ் மேல் கோபத்தில் எதையும் கூட்டாதீர்கள். பெஞ்ச் கிடந்ததையும் நான் கையெழுத்துப் போட்டதையும் விட்டுவிடாதீர்கள். ஏகாம்பரத்தின் சாவை ஏற்கெனவே ஒரு தடவை மாற்றி எழுதியாகிவிட்டது.